என் கையால் கொடுத்த மீரான் காக்கா

சென்ற மாதம் ஒரு காலையில் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது காயல்பட்டினத்திலிருந்து மீரான் காக்காவின் மகன் போனில் பேசினான். "மாமா, வாப்பா மௌத்தாயிட்டாஹ. அஸர் தொழுகைக்குப் பொறவு அடக்கம்." திறந்த கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் சப்ளை செய்தவர் என்றுதான் தூத்துக்குடியில் உங்களில் பலருக்கும் அவரைத் தெரியும். நான் தையல் மிஷின் விற்கிறவன், நாசரேத்துக்காரன், கை கொஞ்சம் இறுக்கம். மறைத்துப் பயனில்லை, என் மனைவியே ஊருக்குச் சொல்லியிருப்பாள்.

பல வருடங்களுக்கு முன்பு காக்கா என் கடையில் ஒரு மிஷினுக்குப் பணம் கட்டினார். "அண்ணாச்சி, திரேஸ்புரத்துலேர்ந்து அந்தோனியம்மான்னு ஒரு புள்ள வரும். புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பல. இத நீங்க கொடுத்ததா இருக்கட்டும், என் பேரு வேண்டாம்."

"அது ஏன் காக்கா?"

"ஜகாத் கடமை, அதத் தனியாக் கொடுத்துருதேன். இது சதக்கா, என் இஷ்டம். வலது கை கொடுக்கது இடது கைக்குத் தெரியப்படாது."

"எங்க வேதத்துலயும் அப்படித்தான் இருக்கு. ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சே?"

"நீங்க கை இல்ல அண்ணாச்சி, வாய். மூடி வச்சிக்கிடுங்க" என்று சொல்லி நடையைக் கட்டினார்.

அதன்பின் வருடம் தவறாமல் ஒன்றிரண்டு மிஷின்கள் போயின. புண்ணியம் அவருக்கு, கும்பிடு எனக்கு. ஒரு கல்யாண வீட்டில், மிஷின் கிடைத்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஒரு மிக்ஸி வாங்க மூக்கால அழுதீய. ஊருக்கு மட்டும் மிஷின் மிஷினாக் கொடுக்கீயளோ?"

மறுநாள் கோபத்தோடு காக்காவிடம் போய், உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அவர் அசையவில்லை. "பணமாக் கொடுத்தா அன்னைக்கே தீந்துரும் அண்ணாச்சி. மிஷின் ஓடுத வரைக்கும், நாம மௌத்தான பொறவும், நன்மை வந்துக்கிட்டே இருக்கும். சதக்கத்துல் ஜாரியாங்கது அதுதான். மதினி கோவம் அவ்வளவு நாளைக்கு ஓடாது." எரிச்சலாக இருந்தாலும் சிரித்துவிட்டேன். வாயையும் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஒரு இளம்பெண் கடைக்கு வந்தாள். கைக்குழந்தை வைத்திருந்தாள். "அந்தோனியம்மா அக்காகிட்டதான் தையல் படிச்சேன். மிஷினுக்கு அண்ணாச்சியப் போய்ப் பாருன்னாவ."

பணம் கட்ட காக்கா இல்லை. கொடுத்தவர் நான் இல்லையம்மா, அவர் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. சொன்னால் அவள் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். குழந்தை என் மேசை மணியை இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு மிஷினை ஆட்டோவில் ஏற்றச் சொன்னேன், முதல் தடவையாக என் காசில். வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவர் இல்லையே என்ற துக்கமும் அப்போதுதான் முழுதாக வந்தது.

அவர் மகனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இத்தனை வருடம் என்னைக் கும்பிட்டவர்கள் காக்காவுக்காக துஆ செய்யுங்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, என் கடைக்கு வழி தெரிந்த அந்தப் பெண்கள்தான். இனியும் வருவார்கள். அவர்களிடம் இல்லை என்று சொல்லிப் பழக, அந்த மனிதர் எனக்கு ஒரு சந்தர்ப்பம்கூடத் தந்ததில்லை.