மோந்து பார்க்காத இறால்

அந்த இறால் கம்பெனி வாசலில் கால் வைத்ததுமே எனக்குக் குமட்டும். நாசரேத்தில் டீச்சர் வீட்டில் வளர்ந்த மூக்கு. தூத்துக்குடிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் திமிர் குறையவில்லை. அங்கே இறால் உரிக்கும் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க மூன்று மாதம் போனேன். பரீட்சையில் முதலாவதாக வருகிறவளுக்குத் தரம் பார்க்கும் வேலை. ஐஸ் தண்ணீரில் விரல் விறைக்க நாள் முழுக்க நிற்க வேண்டாம், ரிப்போர்ட் எழுதினால் போதும். அந்த ரிப்போர்ட்தான் இங்கிலீஷில்.

அதற்கு லிங்கிங் வெர்ப் தெரிய வேண்டும். ஒரு கையால் கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு மறு கையால் போர்டில் எழுதினேன். "அவள் இறாலை மோந்து பார்க்கிறாள் என்றால் அது அவள் செய்கிற வேலை. 'தி ப்ரான் ஸ்மெல்ஸ் பேட்', இறால் நாறுகிறது என்றால் இறால் ஒரு வேலையும் செய்யவில்லை."

கீழவைப்பாரிலிருந்து வருகிற ஒருத்தி, என் வயசுக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். "அப்போ அது இறாலோட லெச்சணத்த இறாலோட சேத்துச் சொல்லுது. லுக்ஸ், ஃபீல்ஸ் எல்லாம் அப்படித்தான டீச்சர்?"

பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் நான் சொல்லிக் கிழித்ததைவிட இது தெளிவு. ஆனால் ஒரு 'சரி'கூட என் வாயிலிருந்து வரவில்லை. அவள் நகத்திடுக்கில் ஒட்டியிருந்த இறால் தோலையே அருவருப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்கு மேனேஜர் இரண்டு தட்டில் இறால் வைத்தார். மற்றவர்கள் இங்கிலீஷுக்குப் பயந்து ஒதுங்கிவிட, எழுதியது இரண்டே பேர்: அவளும், இறாலைத் தொட்டே அறியாத ஆபீஸ் பெண் ஒருத்தியும். விடையை நான் முன்பே குறித்து வைத்திருந்தேன், மூன்றடி தள்ளி நின்று. பளபளவென்றிருந்த தட்டுக்கு 'ஸ்மெல்ஸ் ஃப்ரெஷ்', மங்கலாயிருந்ததற்கு 'ஸ்மெல்ஸ் பேட்'. ஆபீஸ் பெண்ணும் எட்ட நின்று பார்த்து அப்படியே எழுதினாள். இவள் நேர்மாறாக எழுதியிருந்தாள். தப்பென்று அடித்துவிட்டு மார்க்கை மேனேஜரிடம் கொடுத்தேன்.

பேப்பரைப் பார்த்தவள் கோபப்படவில்லை. "டீச்சர், நீங்க மோந்து பாத்தியளா?" என்று மட்டும் கேட்டாள்.

அவளே பளபளத்த இறால் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் பொத்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "ஐஸ்ல கெடந்தா மினுங்கும், நாத்தம் தெரியாது. கைச்சூடு ஏறணும்." பிறகு கையை என் மூக்கருகே கொண்டுவந்து திறந்தாள். சாக்கடை. கழுவும் தொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். பட்டியல் அவர் மேஜையில் கிடந்தது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "என்ன டீச்சர்?" என்றார். மோந்து பார்க்காமல் மார்க் போட்டேன் என்று ஒரு வரி சொன்னால் தீர்ந்தது. இங்கிலீஷ் டீச்சர், நாசரேத் குடும்பம். "ஒண்ணுமில்ல சார்" என்றேன். சீ, இப்போது எழுதும்போதும் என்மேல் எனக்குக் காறித் துப்ப வருகிறது.

வெளியே அவள் காத்திருந்தாள். இரண்டு கையும் ஈரமாக இருந்தன, சோப்பு வாசனை அடித்தது.

"மூக்குக்கிட்ட கொண்டாந்திருக்கக் கூடாது டீச்சர், மன்னிச்சுக்கிடுங்க. நல்லா தேய்ச்சுக் கழுவிட்டேன்" என்றாள். பிறகு, "சார் என்ன சொன்னாரு?"

"பட்டியல் மேலிடத்துக்குப் போயிட்டுதாம்" என்றேன்.

தலையாட்டிவிட்டு இறால் உரிக்கப் போனாள்.