பிறத்தியார் காம்பராவுல காய்ச்சுன பாலு

டிஸ்லெக்சியான்னு ஒண்ணு இருக்காம், அதுலயே ரகம் ரகமா உண்டாம். டீச்சரா இருக்குற எம் பேத்தி சொன்னா. சிலருக்கு எழுத்து புரளுமாம், சிலருக்கு எண்ணு புரளுமாம், மக்குங்க இல்லயாம். இது தெரியாம நானும் எங்க வீட்டுக்காரரும் எத்தன வருசம் மாத்தி மாத்தித் திட்டிக்கிட்டோம்!

சிலோன்லருந்து கப்பலேறி வந்து இந்த மல எஸ்டேட்டுல எறங்குன அன்னிக்கு ஒரே மழ. ஆபீஸ்ல குடுத்த சீட்டுல ‘மேல் லயம், 21’னு இருந்துச்சு. லயம்னா வரிசையா ஒட்டிக் கட்டுன கூலிக்காரங்க வீடு, அதுல ஒவ்வொரு அறையும் ஒரு காம்பரா. அவருக்கு எழுத்து புரளும். சீட்டப் பாத்துட்டு, பொட்டியத் தூக்கிக்கிட்டு எனக்கு முன்னாலயே கீழ் லயத்துக்குப் போயிட்டாரு. நான் கைப்புள்ளயோட மேல் லயத்துக்கே போனேன். ஆனா எனக்கு எண்ணு புரளுமே, பன்னெண்டாம் காம்பராவக் கூட்டி, அடுப்பு மூட்டி, மொத மொதல்ல பாலும் காய்ச்சிட்டேன்.

“யாருடி அது, எங்க காம்பராவுல?” சீட்டோட வந்து நின்னா ஒருத்தி.

பின்னாலயே இவரு, நனஞ்ச கோழியாட்டம். “கீழ இருபத்தொண்ணுல ஆளு இருக்குடி, தொரத்திட்டாங்க!”

“இருபத்தொண்ணா? பன்னெண்டுல்ல?”

“கீழ் லயந்தான?”

அவளுக்கு சிரிப்பு தாங்கல. “ரெண்டு பேரும் சேந்து ஒருக்கா படிங்க. பாலு மட்டும் இங்கயே இருக்கட்டும், பொங்குன பால வெளிய குடுக்க மாட்டேன்.”

வேற யாரும் குடியேறிடக் கூடாதேன்னு மேல் லயத்து இருபத்தொண்ணுக்கு ஓடுனோம். நல்லவேள, காலியா இருந்துச்சு. புள்ளயத் தொடச்சு அடுப்பாண்ட படுக்க வச்சேன். பாலு ஏது? எங்க காம்பராவுல மொதல்ல பொங்குனது பிளேன்டீதான்.