கரண்ட் வயரில் இன்டர்நெட், பூஜையறையில் இரைச்சல்

குடும்பத் தலைவி உத்தியோகத்தில் லீவு கிடையாது; புகார்ப் பிரிவு மட்டும் எந்நேரமும் திறந்திருக்கும். அதில் என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் மேலே படியுங்கள்.

தலைமாட்டுப் பெட்டி

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுச் சுவர்கள் அத்தனை தடிமன், வைஃபை மாடி ஏறாது. மகள் பிரியாவுக்கு மாடியறைதான் ஆபீஸ். வேலை இன்னும் தகுதிகாண் பருவத்தில். லைன் அறுந்தால் வேலையும் போச்சு. அதனால் வீட்டுக் கரண்ட் வயர் வழியாகவே இன்டர்நெட்டைக் கொண்டுபோகும் பெட்டிகள் இரண்டு வாங்கினோம். ஒன்று மாடி பிளக்கில். மற்றது மோடத்தோடு எங்கள் படுக்கையறையில், கணவர் தலைமாட்டில்.

மூன்றாம் நாளே அவருக்குத் தலை கிறுகிறுத்தது. கதிர்வீச்சாம். செல்போனைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிற மனிதர்! கான்வென்ட் சிஸ்டர்கள் எனக்குள் திணித்த இயற்பியலை எல்லாம் கொட்டிப் பார்த்தேன். கேட்டால்தானே? மோடம், பெட்டி இரண்டையும் பூஜையறைக்கு மாற்றிவிட்டுச் சொன்னார்: "அங்க யாரும் படுக்கறதில்லை. சாமிக்கு ஒண்ணும் ஆகாது."

சுவருக்கு அந்தப் பக்கம்

சாமிக்கு ஆகவில்லை, ஒட்டுச்சுவர் அந்தோணிச் சேட்டனுக்கு ஆனது. லைசென்ஸ் வாங்கி ஹாம் ரேடியோ வைத்திருப்பவர். சாயங்காலமானால் லட்சத்தீவு நண்பர்களோடு பேசுவார். நாலு நாளாக வெறும் இரைச்சல். கையில் டிரான்சிஸ்டரோடு வந்து மிக்ஸி, ஃபிரிட்ஜ், ஃபேன் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீட்டினார். பூஜையறை வாசலில் அது அலறியது.

"என்ன சேச்சி, சாமிப் படத்துக்குப் பின்னாடி குளவிக்கூடா வெச்சிருக்கீங்க?"

பிளக்கில் வைத்த கை

பெட்டி கரண்ட் வயர் வழியாகக் கசியவிடும் அலைதான் தன் ரேடியோவில் இரைகிறது என்ற சேட்டன், பிடுங்கிப் பார்க்கலாம் என்று அதில் கை வைத்தார். சாயா எடுக்கக் கீழே வந்த பிரியா கத்தினாள்: "அய்யோ அங்கிள், தொடாதீங்க! இன்னும் அஞ்சு நிமிஷத்துல மேனேஜர் மீட்டிங். என்னை வெச்சுக்கறதா வேண்டாமான்னு இன்னைக்குத்தான் சொல்வாங்க."

சேட்டன் கையை எடுத்துவிட்டார். அவர் நிம்மதியாக உட்கார்ந்து சாயா குடித்தார். நான்தான் அடுப்படிக்கும் மாடிப்படிக்கும் நடையாய் நடந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பிரியா எட்டிப் பார்த்து, "பெர்மனென்ட்டும்மா!" என்றாள். அடுத்த நொடி சேட்டன் பிளக்கைப் பிடுங்கினார். தன் வீட்டிலிருந்து ஒரு சுருள் இன்டர்நெட் கேபிள் கொண்டுவந்து, மோடத்திலிருந்து மாடிவரை ஆணியடித்து இழுத்துவிட்டார். படுக்கையறைச் சுவரோரம் போன கேபிளைக் கணவர் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சேட்டா, இதுலேர்ந்து ஏதாவது கசியுமோ?"

ஆக, பிரியாவின் வேலை நிரந்தரமாகிவிட்டது, அவள் அப்பாவின் தலைசுற்றலும்தான்.