மச்சினனின் டீசல் முள்

என் மனைவியின் தம்பி படகு கட்டினான். ஆற்றுக்கு இந்தப் பக்கம், க்யிம்யிண்டைங் படித்துறைக்கு எதிர்க்கரையில், எங்கள் வாசலிலேயே, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கட்டினான். பழைய பலகை, சீன எஞ்சின். அதோடு விட்டானா? உடைத்துப் போட்ட டாக்சியிலிருந்து எண்ணெய் காட்டும் முள்ளைக் கழற்றி வந்து, தானே ஒட்டிய கோணல் டாங்கிக்கு மாட்டினான். டாங்கி மேலே அகலம், கீழே குறுகல். முள் பாதி என்று காட்டும்போது உள்ளே கால்வாசிதான் இருக்கும். முழுசு என்று காட்டும்போது என்ன இருக்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

நான் பஜாரில் ஜெனரேட்டர் பழுது பார்க்கிறவன். மீட்டர்கள் சொல்லும் பொய்யிலேயே தலை நரைத்தவன். எனக்கு ஒரு மூங்கில் குச்சி போதும். டாங்கிக்குள் விட்டு எடுத்தால் ஈரம் எத்தனை விரல் என்று தெரிந்துவிடும். "உன் முள்ளுக்கு மாலை போட்டுக் கும்பிடு, டீசலை நான் பாத்துக்கறேன்" என்பேன் அவனிடம்.

ஒருநாள் அவன் ஒரு வீடியோவைக் கொண்டுவந்தான். வீட்டிலேயே சின்ன விமானம் கட்டிப் பறக்கிற வெள்ளைக்காரர் ஒருவர், ஏறுவதற்கு முன் டாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, ஆகாசத்துல போறவனே குச்சியைத்தான் நம்பறான்" என்றேன்.

"முழுசாக் கேளுங்க அத்தான். முள்ளு பாதின்னு சொன்னா நம்பாதே, காலின்னு சொன்னா நம்புன்னு சொல்றார்."

"காலின்னு சொல்ல முள்ளு எதுக்குடா? எஞ்சினே நின்னு சொல்லுமே."

வீடே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். அவன் காதைச் சொறிந்துகொண்டே எழுந்து போனான்.

என் மகள் இரண்டு வருஷம் ஜப்பான் பாஷை படித்தவள். அந்த ஊர் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அக்கரையில், நகர நடுவே பபேடானில் ஒரு ஹோட்டலில் ஒரே ஒரு நாள் உட்காரப் போகிறார்கள், காலை ஒன்பது மணிக்கு வர வேண்டும் என்று சேதி வந்தது. அன்று விடியற்காலையிலிருந்தே மழை. வாடகைப் படகுகள் நிரம்பி வழிந்தன. மச்சினன் படகில் ஏறினோம்.

படகுக் கூரையில் நுனி வெளியே நீட்டியபடி செருகியிருந்த குச்சியை உருவி டாங்கிக்குள் விட்டு எடுத்தேன். நாலு விரல் ஈரம்.

"அத்தான், முள்ளு அடியில கிடக்கு. கடைக்குப் போய் ஒரு டின்னு வாங்கி ஊத்திட்டுப் போவோம், பத்து நிமிஷம்தான்."

"உன் முள்ளு என்னைக்குடா நிஜம் சொல்லிச்சு? எடு படகை."

நடு ஆற்றில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது.

குச்சியின் நுனி விடியற்காலையிலிருந்தே மழையில் நனைந்து கிடந்தது. நான் பார்த்த ஈரம் மழை. எந்த நாளும் துணியால் துடைத்துவிட்டுத்தான் விடுவேன், எடுத்ததும் விரலில் தேய்த்து முகர்ந்தும் பார்ப்பேன். அன்றைக்கு அவனை மட்டம்தட்டுகிற அவசரத்தில் இரண்டையும் செய்யவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மழையைத் திட்டினேன், குச்சியைத் திட்டினேன், மூங்கில் விற்றவனைக்கூடத் திட்டினேன்.

கடல் பக்கம் வடிகிற ஆற்றுநீர் எங்களைத் தெற்கே இழுத்துக்கொண்டு போனது. மகள் சான்றிதழ் உறையை பிளாஸ்டிக் பையோடு மார்பில் அணைத்துக்கொண்டு கரையைப் பார்த்தபடி இருந்தாள். மச்சினன் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லிக் காட்ட அவனுக்கு முழு உரிமை இருந்தது. அந்தப் பாவி வாயே திறக்காமல் துடுப்பைப் போட்டான். அதுதான் எனக்கு எரிந்தது.

காய்கறிப் படகு ஒன்று கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தது. நாங்கள் ஹோட்டலுக்குப் போனபோது மணி பத்தேகால். பெயர் கூப்பிட்டு முடித்துவிட்டோம் என்றாள் வாசலில் இருந்த பெண். மகள் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். நான்தான் கத்தினேன்.

"வாங்கப்பா" என்றாள் மகள். "மாமா முள்ளு சரியாத்தான் காட்டுச்சு."

இப்போது லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் சட்டைக்குப் பை தைக்கிறாள். ஆலை பஸ்ஸைப் பிடிக்க தினமும் காலையில் அதே படகில்தான் ஆற்றைக் கடக்கிறாள். நான் இன்னும் குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்து, முகர்ந்து, "போதும், போகலாம்" என்கிறேன். அவள் குனிந்து முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாள்.