அழுகிறவளும் பொங்கல் பானையும்

மார்க்கம் நகரில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான்களை விற்றபோது அந்தத் தையல் படத்தை வாங்கி வந்து கூடத்துச் சுவரில் மாட்டினேன். இங்கிலாந்தில் இருநூறு வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் பட்டுநூலில் தைத்தது. ஒரு கல்லறை, அதன் மேல் அஸ்திக் கலசம், பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தி கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கிறாள். மேலே தொங்கும் மரத்துக்கு ஐந்து கிளைகள். என் பெருவிரல் நகத்தின் அகலத்துக்குள் இருபத்தாறு தையல்கள். பூதக்கண்ணாடி வைத்து இருமுறை எண்ணினேன். வானத்தை மட்டும் தைக்காமல் சாயம் பூசிச் சமாளித்திருக்கிறாள். அதை மன்னித்துவிட்டேன்.

மனைவி எதையும் மன்னிக்கவில்லை. மகள் தானே தேடிக்கொண்ட பையனின் தாய் பக்கத்து நகரமான ஒஷாவாவிலிருந்து கலியாணம் பேச வர இருந்தார்.

“நல்ல காரியத்துக்கு வருகினம். உந்தச் செத்தவீட்டைக் கழட்டி பேஸ்மென்டுக்குள்ள வையுங்கோ.”

“உது பட்டு.”

“பட்டில தைச்ச செத்தவீடு.”

எங்கள் ஆட்கள் எப்படியும் ஒன்றரை மணித்தியாலம் பிந்துவார்கள் என்று கணக்குப் போட்டேன். படத்தை இறக்குமுன் மரத்தின் இலைகளை எண்ணினேன். நாலு கிளைகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஐந்தாவதைத் தொடங்கும்போது வாசல் மணி அடித்தது. அந்த அம்மா சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார்.

வந்தவர் கதிரையில் அமரவில்லை. நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார். கலியாணம் குழம்பினால் யார் காரணம் என்பதை மனைவி ஒரு பார்வையில் எனக்குத் தெரிவித்தாள்.

“பொங்கல் பானை,” என்றார் அந்த அம்மா. “வெள்ளைக்காரரும் பொங்கியிருக்கினம், என்ன?”

“ஓம் அக்கா,” என்று மனைவி மூச்சு விட்டாள்.

“பாவம், அவளுக்குக் கண்ணுக்குள்ள புகை போயிட்டுது. அடுப்பைத்தான் காணேல்ல.”

நான் வாயைத் திறந்தேன். மனைவி வடைத் தட்டால் என் நெஞ்சில் இடித்தாள்.

“இவர் எண்ணுறதோட சரி அக்கா. விளக்கம் தெரியாது.”

ஆவணியில் கலியாணம் என்று முடிவாயிற்று. புறப்படும்போது அவர் திரும்பினார்.

“அண்ணை, உந்தப் படத்தை எனக்குத் தாறியளோ? நல்ல சகுனம்.”

தரமாட்டேன் என்று சொல்ல என்னிடம் ஒரே ஒரு காரணம் இருந்தது. அதைச் சொன்னால் கலியாணம் இல்லை. மகள் கதவோரம் நின்று என் வாயையே பார்த்தாள்.

“கொண்டுபோங்கோ,” என்றேன். மனைவி அதற்குள் படத்தைப் போர்வையில் சுற்றி முடித்திருந்தாள்.

இந்தத் தைப்பொங்கலுக்கு ஒஷாவா போனபோது படம் சாமியறையில் மாலையோடு இருந்தது. படத்தின் கண்ணாடியில், சரியாக நான் எண்ணாமல் விட்ட ஐந்தாவது கிளைக்கு மேல், பெரிய சந்தனப் பொட்டு. அறையில் யாரும் இல்லை. கைக்குட்டையை எடுத்தேன்.

“துடையாதேங்கோ அண்ணை,” என்றார் சம்பந்தியம்மா பின்னால் நின்று. “சாமிப் படம்.”