ரப்பர்ப் பாலில் தோய்த்த கால்

என் வீட்டுக்காரருக்குச் சூடு ஆகாது. காப்பியை ஆற்றி ஆற்றி, அது பச்சைத் தண்ணீர் ஆன பிறகுதான் வாயில் வைப்பார். மத்தியான வெயிலில் செருப்பில்லாமல் வாசல் சிமெண்டில் கால் பட்டால் தவளை மாதிரி ஒரு குதி குதிப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் தீ மிதிக்கிறேன் என்று அம்மனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

எண்பதுகளின் கடைசி அது. மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானில் மூலைக்கு மூலை ரப்பர்க் கையுறைத் தொழிற்சாலை முளைத்துக்கொண்டிருந்தது. அதில் ஒன்றில் அவர் சூப்பர்வைசர். எங்கள் ஒரே பையனுக்கு நாலு வயதில் டிங்கிக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமல் கிடந்தான். டாக்டர் பிடிகொடுத்துப் பேசவில்லை. இவர் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக் கைகூப்பி, "தாயே, புள்ளைய எழுப்பி வுடு, பூக்குழி எறங்குறேன்" என்று அழுதார். விடிந்ததும் பையன் கண் திறந்து பிஸ்கட் கேட்டான். நான் அழுதேன். அவரும் மறுபடி அழுதார். அந்த இரண்டாவது அழுகை எதற்கு என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

திருவிழா நெருங்க நெருங்க மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. "பால்குடம் எடுத்தா பத்தாதா?" என்றார். "மொட்டை போட்டுக்கிட்டா?" என்றார்.

"அம்மாகிட்ட வெல கொறைக்கிறீங்களா? இது என்ன பாசாரா?" என்றேன்.

அந்தச் சமயம் பார்த்து அவர்கள் தொழிற்சாலைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்து, புது ரக ரப்பர்ப் பாலைப் பற்றிப் படம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். காய்ந்தால் வெங்காயச் சருகு கனம்தானாம். ஆசிட் கொட்டினாலும், பனிக்கட்டியில் புதைத்தாலும், உள்ளே இருக்கிற தோலுக்கு ஒன்றும் ஆகாதாம். நெருப்பைப் பற்றி அந்த ஆள் வாயே திறக்கவில்லை. ஆனால் இவர் காதில் நெருப்பு மட்டும்தான் விழுந்திருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்தார். கூடவே மூடி போட்ட வாளி ஒன்றும் வந்தது. அதைத் திறந்ததும் அமோனியா நெடி அடுக்களையைத் தூக்கியது.

"பீங்கான் கை அச்ச இதுல முக்கி எடுத்தா கையுறை. கைக்கு ஆகுறது காலுக்கு ஆகாதா?"

"கோயிலை ஏமாத்தப் போறீங்களா?"

"ஏமாத்துறதா? செருப்பு போடக் கூடாதுன்னுதானே சொன்னாங்க. இது செருப்பா? இல்ல. துணியா? இல்ல. தோலு மேல இன்னொரு தோலு. அதுவும் மரத்துப் பாலு. சுத்த சைவம்லா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புள்ள உயிருக்குக் குடுத்த வாக்கு அது. அதுல போய் டூப்ளிகேட் வேல பாக்குறீங்களே, நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பா?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வாளியைக் கிளறினார். என் பயம் முழுவதும் அதுதான். அம்மன் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டால்?

திருவிழா அன்று காலையில் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் பாலில் தோய்த்தார். பிறகு காற்றாடிக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, "அந்தப் பாப்பா பவுடர எடு" என்றார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே மஞ்சளைக் குழைத்து அப்பிய பிறகு உள்ளே இருந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

ஊர்வலம் மத்தியானம் கிளம்பியது. நான் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். தார்ச்சாலை கொதித்தது. கொஞ்ச தூரத்திலேயே அவர் காலில் 'சளக், சளக்' என்று சத்தம் கேட்டது. காய்ந்தும் காயாத ரப்பர் சூட்டில் இளகி, தெருவில் கிடந்ததையெல்லாம் ஒட்டி எடுக்க ஆரம்பித்துவிட்டது. வேப்பிலை, சாமந்தி இதழ், ஐஸ்கிரீம் காகிதம், பஸ் டிக்கெட், யாரோ கிழித்தெறிந்த நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு. கோயில் வாசலுக்கு வந்து சேரும்போது பாதி கிள்ளான் அவர் பாதத்தில் இருந்தது.

பூக்குழிக்கு முன்னால் வரிசை நின்றது. அனல் முகத்தில் அடித்ததும் அவர் ஓரடி பின்னால் வைத்தார். ரப்பர் நெருப்பில் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், தோலை விட்டு வராது என்று தொழிலாளிகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவரே அவர்தான். வகுப்பு எடுக்கிறவர்கள் அதைக் காதில் வாங்குவதில்லை போலிருக்கிறது.

"அப்பா, பேக்டரி வாசம் அடிக்குது" என்றான் பையன்.

எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாகிவிட்டது. "வாங்க, ஒதுங்கிடலாம். ஒடம்பு முடியலன்னு சொல்லிக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னேன். வாக்காவது ஒன்றாவது, இந்த மனுஷன் வெந்து போனால் நான் என்ன செய்வேன்?

அவர் பையனைப் பார்த்தார். ஊசி குத்திய தழும்பு அப்போதும் மாறாத அந்தக் கையைப் பார்த்தார். "உரிச்சு வுடு" என்றார்.

பையனை இறக்கிவிட்டு மண்டிபோட்டு உட்கார்ந்து உரித்தேன். பக்கத்தில் நின்ற ஆன்டி ஒருத்தி கண்கலங்கி, "பாருங்க, இந்தக் காலத்துல புருஷன் கால இப்படிப் புடிச்சுக் கும்புடுற பொண்ண எங்க பாக்குறது!" என்றாள். நான் ஓர் இழுப்பு இழுத்தேன். ரப்பரோடு காலில் இருந்த முடியும் வந்தது. "ஆத்தா!" என்று அலறினார். அவ்வளவுதான், அருள் வந்துவிட்டது என்று கூட்டம் "ஓம் சக்தி!" போட்டது. உறுமிக்காரர்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். அந்த ஆன்டி விடவில்லை. "சாமி, எம் பொண்ணுக்கு எப்பக் கல்யாணம் கூடும்?" என்றாள். வலி பொறுக்காமல் இவர், "கொஞ்சம் இரும்மா!" என்று கத்தினார். "பொறுத்திருக்கச் சொல்லி உத்தரவாயிடுச்சு" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எல்லாம் வந்துவிட்டது. இடது குதிகாலில் ஒரு துண்டு மட்டும் விடமாட்டேன் என்றது. அதற்குள் வரிசை நகர, பூசாரி அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பையனை வாரிக்கொண்டு பூக்குழியின் மறுகோடிக்கு ஓடினேன். அவர் ஓடவில்லை. பையனையே பார்த்துக்கொண்டு நடந்து வந்தார். கருகிய ரப்பர் வாசனை லேசாக வந்தது. எங்கேயோ லோரி டயர் எரிகிறது என்று ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

பால் ஊற்றி வைத்த பள்ளத்தில் அவர் கால் வைத்ததும் பையன், "சுட்டுச்சாப்பா?" என்றான்.

"இல்லடா. பூ மாதிரி இருந்துச்சு" என்றார். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

அடுத்த நாள் கிளினிக்கில் பார்த்தால், பாதத்தில் ஒரு கொப்புளம் கிடையாது. ரப்பர் ஒட்டியிருந்த குதிகாலில் மட்டும் அம்பது காசு அகலத்துக்கு வெந்து போயிருந்தது. மருந்து போட வந்த நர்ஸ் மிஸி கையுறையை மாட்டியதும் இவர் வலியை மறந்து, "மிஸி, சுண்டு விரல்ல ஓட்டை, மாத்துங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பெரிய மனிதர் ஆகிவிட்டார். கோயில் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். புதிதாகத் தீ மிதிக்கப் பயப்படுகிற பையன்களை எங்கள் வீட்டுக்கே அனுப்பினார்கள். "நம்பிக்கை இருந்தா போதும்லா, காலுல ஒண்ணும் பூச வேண்டியதில்ல" என்று இவர் உபதேசம் செய்வார். அடுக்களையில் எனக்கு இருமல் வரும்.

ஆனால் சிரித்தாலும் என் மனசுக்குள் அந்த அம்பது காசு அகலம் உறுத்திக்கொண்டே இருந்தது. வாக்கில் அந்த இடம் மட்டும் பாக்கி. பையன் தும்மினால்கூட என் கண் அவர் குதிகாலுக்குத்தான் போகும். அடுத்த வருஷம் அவனுக்கு அம்மை போட்டது. உடம்பெல்லாம் முத்துமுத்தாக அவன் வேப்பிலையில் கிடந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "அந்த எடத்த மறைச்சுக்கிட்டுப் போனீங்களே, அதான் அம்மா வீட்டுக்கே கேக்க வந்துட்டா!" என்று கத்திவிட்டேன்.

அவர் வேப்பங்கொத்தைக் கீழே வைத்தார். இடது காலை மடக்கி முட்டி மேல் போட்டு, அந்தத் தழும்பைக் காட்டினார். எப்போதும் பேசுகிற கேலி அப்போது அவர் குரலில் இல்லை.

"மத்த எடமெல்லாம் சுடவே இல்லடி. சும்மா நடந்துட்டேன். அவனுக்காக வெந்தது இந்த எடம் மட்டுந்தான். இதையா மறைச்சேங்கிற?"

நான் குனிந்து அந்த இடத்தைத் தொட்டேன். இந்தத் தடவை பார்த்து மெச்சிக்கொள்ள எந்த ஆன்டியும் பக்கத்தில் இல்லை.