கிரேவி நொண்டவில்லை

கால்நடை மருத்துவமனையின் பச்சைப் பலகை கண்ணில் பட்டதும் மெல்வின் ஹோல்ராய்ட் நாயை இழுத்துக்கொண்டு சாலையின் எதிர்ப்புறம் போய்விடுகிறார். அந்தப் பக்கம் நடைபாதை கிடையாது. குப்பைத்தொட்டிகளும் மழைநீரும்தான். ஆனால் வரிசையாக கார்கள் நிற்கின்றன. மருத்துவமனைச் சன்னலிலிருந்து யாராவது பார்த்தால் கார்களுக்கு மேலே அவருடைய தொப்பி மட்டும் தெரியும். நாயின் கால்கள் தெரியாது.

"நாய் நொண்டுதே?" என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அடுத்த வீட்டுக்காரன் என்ற உரிமை.

"நொண்டல. யோசிச்சு நடக்குறான்."

நாயின் பெயர் கிரேவி. அதே நிறம். எட்டு வயது லாப்ரடார். வட இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகர மேட்டுத் தெருக்களில் ஏறி இறங்கியே வளர்ந்தது.

மெல்வின் பேருந்து நிறுவனத்தில் பயணிகளின் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பேருந்து வரவில்லை, வந்தும் நிற்கவில்லை, நின்றும் கதவு திறக்கவில்லை என்று வரும் எல்லாவற்றுக்கும் அவர் வருத்தம் தெரிவித்தார். எதையும் ஒப்புக்கொண்டதில்லை. "ஒத்துக்காம வருத்தப்படணும். அதுலதான் இருக்கு வேலையே" என்பார். அந்த வேலை கொடுத்த கண்களால்தான் இப்போது செல்லப்பிராணிக் காப்பீட்டுப் பாலிசிகளைப் படிக்கிறார். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி முன்னோக்கி வருவார். முதல் பக்கத்தில் நாய் சிரிக்கிற படம்தான் இருக்கும், அதை எதற்குப் படிக்க வேண்டும் என்பது அவர் கேள்வி.

எங்கள் பகுதியில் புதிதாக நாய்க்குட்டி வாங்குகிறவர்கள் முதலில் அதைக் குளிப்பாட்டுவார்கள், பிறகு பப்புக்கு வந்து மெல்வினிடம் கேட்பார்கள். போன மாதம் சிகை அலங்காரக் கடையில் வேலை செய்யும் பெத்தனி தன் குட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

"பாலிசி எடுக்கவா, வேண்டாமா?"

மெல்வின் பியரை ஓரமாக நகர்த்தினார். "இங்க பாரு கண்ணு. இவன் உன் காலுறைய முழுங்கிட்டான்னு வையி. வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும். பாலிசி இருந்தா நீ அழுதாப் போதும். இல்லேன்னா அழுதுக்கிட்டே காரையும் விக்கணும்."

"அப்ப எடுத்துடறேன்."

"இரு. நாய்க்கு வயசாக வயசாக பிரிமியம் ஏறும். வயசானாத்தான் நோயும் வரும். தேவைப்படற காலத்துல கட்ட முடியாம போற மாதிரி பண்ணி வெச்சிருக்கானுங்க."

"வேற கம்பெனிக்கு மாறிக்கிட்டா?"

"மாறலாம். ஆனா புதுசா வர்றவன், டாக்டர் கம்ப்யூட்டர்ல இருக்கறத மொத்தமா வாங்கிப் படிப்பான். எப்பவோ இடது காது அரிச்சுதுன்னு ஒரு வரி இருந்தாப் போதும். ரெண்டு காதுக்கும் பணம் கிடையாது."

"வலது காது என்ன பண்ணுச்சு?"

"இடது காதுக்குச் சொந்தக்காரன்ல."

கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிக் குவளை துடைத்துக்கொண்டிருந்த கார்டன், "காது இல்லாத நாயாப் பாத்து வாங்கிரு பாப்பா" என்றார்.

"கடைசியா என்னதான் சொல்றீங்க?" என்றாள் பெத்தனி.

"எடு. நல்ல பாலிசியா எடு. அப்புறம் டாக்டர்கிட்ட மட்டும் வாயத் தொறக்காத."

இது வெறும் உபதேசம் இல்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் கிரேவி காலையில் எழும்போது வலது பின்னங்காலை ஊன்றக் கொஞ்சம் தயங்கியது. அதே வாரம் பழைய நிறுவனம் பிரிமியத்தை ஏற்றிக் கடிதம் அனுப்பியது. வேறு நிறுவனத்துக்கு மாறுவது என்று மெல்வின் முடிவு செய்தார். மாறும்வரை கணினியில் கால் என்ற சொல்லே ஏறக்கூடாது. தடுப்பூசிக்கு நாயைக் கொண்டுபோனபோது பிற்பகல் நேரமாகக் கேட்டு வாங்கினார். அதற்குள் விறைப்பு தளர்ந்துவிடும். மனைவி லொரைனைக் காரிலேயே உட்காரவைத்தார். லொரைனுக்குப் பொய் சொல்ல வராது. "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று மருத்துவர் கேட்டதற்கு மெல்வின் ஆலங்கட்டி மழையைப் பற்றிப் பேசினாராம்.

"பழைய பாலிசியிலயே இருந்துக்கிட்டு அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா, புள்ளைக்கு எப்பவோ வைத்தியம் ஆகியிருக்கும்" என்று லொரைன் வேலிக்கு மேல் என்னிடம் சொன்னார். "வைத்தியம் பாக்கத்தான பாலிசி? இந்த மனுஷன் பாலிசியக் காப்பாத்த வைத்தியத்த நிறுத்தி வெச்சிருக்காரு."

மெல்வின் அப்போது பழைய குளியல் துண்டு ஒன்றை நாயின் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரு முனைகளையும் பிடித்துத் தூக்கி, வாசல்படிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய முகம்தான் சிவந்திருந்தது. கிரேவி வாலை ஆட்டியது.

புதிய பாலிசி வந்தது. தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வாரங்களுக்கு எந்த நோய்க்கும் பணம் தரமாட்டார்கள் என்பது நிபந்தனை. அதுவும் முடிந்து இரண்டு நாள் கழித்துக் காலையில் கிரேவி சமையலறைத் தரையில் படுத்தபடி முனகியது. பொரித்த தொத்திறைச்சியை மூக்கருகே வைத்தும் எழவில்லை. லொரைன் என் கதவைத் தட்டினார்.

"காரை எடுப்பா. மத்ததெல்லாம் அப்புறம்."

பின்னிருக்கையில் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மெல்வின் பேசிக்கொண்டே வந்தார். "நேத்து சாயங்காலம் பந்து தொரத்தும்போது முறுக்கிக்கிச்சு. நேத்து. நான் சொல்லிக்கிறேன், நீ சும்மா இரு."

"நீயே சொல்லு. நான் செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

"நெசத்தச் சொன்னா ஒரு பைசா வராது லொரைன். ஃபைலி கடற்கரையில நிக்கிற நம்ம கேரவன் வண்டிய வித்தாத்தான் உண்டு."

"விக்கலாம். உள்ள எப்பப் பாத்தாலும் மழை ஒழுகிக்கிட்டு."

வரவேற்பு மேசைப் பெண் நாயின் பெயரைக் கேட்பதற்கு முன் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்றுதான் கேட்டாள். "இருக்கு" என்றார் மெல்வின், நிமிர்ந்து. அவர் நிமிர்ந்தது அன்று அந்த ஒருமுறைதான்.

இளம் மருத்துவர் தரையில் மண்டியிட்டு காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். கிரேவி கடிக்கவில்லை, அவர் கையை நக்கியது. அவர் எழுந்து கணினியின் முன் போய் நின்றார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

லொரைன் சொன்னபடியே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சுவரில் பூனைகளின் பற்களைப் பற்றிய படம் ஒன்று இருந்தது.

"நேத்துதான்னா கொஞ்ச நாள் ஓய்வு குடுத்துப் பாக்கலாம்" என்றார் மருத்துவர். "ரொம்ப நாளா இருக்குன்னா அப்படி விடக்கூடாது. மூட்டு தேஞ்சுக்கிட்டே போகும். இன்னிக்கே எக்ஸ்ரே எடுக்கணும், ஆபரேஷனும் தேவைப்படலாம். நீங்க சொல்றத வெச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

மெல்வின் வாயைத் திறந்தார். நேற்று என்ற சொல் தயாராகத்தான் இருந்திருக்கும். காரில் அத்தனை முறை சொல்லிப் பார்த்தார். வரவில்லை. தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். கதவோரம் போய் நின்று, அங்கிருந்து சன்னல்வரை நடந்தார். வலது காலை ஊன்றும்போது மட்டும் ஒரு சிறு தயக்கம்.

"கிறிஸ்துமஸ்" என்றார்.

திரும்பி நடந்தார். இப்போது வலது காலின் நுனி மட்டுமே தரையைத் தொட்டது. இடுப்பு இடப்பக்கம் சாய்ந்தது. தலை ஒவ்வோர் அடிக்கும் தாழ்ந்து எழுந்தது. கிரேவி இரவல் கொடுத்த நடை போல அச்சாக அப்படியே இருந்தது.

"ஈஸ்டர்."

லொரைன் சுவரிலிருந்து திரும்பிவிட்டார். மருத்துவர் தட்டச்சு செய்யத் தொடங்கியிருந்தார். மெல்வின் பரிசோதனை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலது காலை முழுவதும் மடக்கித் தூக்கினார். "போன வாரத்திலேர்ந்து" என்றார். கணினித்திரையைப் பார்த்தார். மருத்துவர் இன்னும் ஈஸ்டரில்தான் இருந்தார். மெல்வின் காலை இறக்கவில்லை. அவர் எழுதி முடிக்கும்வரை ஒற்றைக்காலில் அப்படியே நின்றார்.